மரங்கொத்திக்குப் பின்னால் இருவர்

ஊர் சுற்றும்போது படம் எடுக்க, லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன கேமரா ஒன்று வாங்க நினைத்தேன். முதலில் பழகிப் பார்க்கலாமென்று தம்பியின் கேமராவை இரவல் கேட்டேன். உள்ளங்கையளவு கேமராவோடு குட்டி லென்ஸ் ஒன்றும் முழங்கை நீள ஜூம் லென்ஸ் ஒன்றும் கொடுத்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கணவரோடு ஸ்கூட்டரில் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போனேன். வழியில் காட்டோரம் நிறுத்தி, பெரிய லென்ஸை மாட்டி, தூரத்து மரத்திலிருந்த மரங்கொத்தியை மூன்று படம் எடுத்தேன்.

தெளிவாக விழுந்ததா என்று திரையில் பெரிதாக்கினேன்; கணவரும் எட்டிப் பார்த்தார். முதல் படத்தில், பறவைக்குப் பின்னால் இருவர் செம்மரக் கட்டையைச் சுமந்து நின்றார்கள். இரண்டாவதில் கட்டை தரையில் கிடந்தது. இருவரும் நேராக என்னைப் பார்த்தார்கள். மூன்றாவதில் மரங்கொத்தி மட்டும் இருந்தது.

காய்ந்த இலைகள் மிதிபடும் சத்தம் எங்கள் பக்கமாக வந்தது.

"செம்மரம் கடத்துறவங்க. வண்டியில ஏறு. திரும்பிப் பாக்காத," என்றார் கணவர்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பைக் பின்னால் வந்தது. "அந்த லென்ஸ கழட்டு. பேப்பர் நிருபருங்கன்னு நெனச்சிக்கினு வராங்க," என்றார். ஓடும் வண்டியில் கழற்ற வரவில்லை.

ஆள் நடமாட்டமுள்ள டீக்கடை முன் நிறுத்தினோம். பைக்கும் நின்றது. படத்தில் இருந்த அதே இருவர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனை எடுத்து, எங்களையும் வண்டி நம்பரையும் நிதானமாகப் படம் பிடித்தான். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

குட்டி லென்ஸோடுதான் கேமரா வாங்கினேன். எங்கே போனாலும் முதலில் வெறுங்கண்ணால் நாலு பக்கமும் பார்த்துவிட்டே அதை வெளியே எடுக்கிறேன். நான் எடுத்த மூன்று படங்களையும் அன்றே அழித்துவிட்டேன். அவன் எடுத்தது அவனிடம் இருக்கிறது.