குதிரைக்கு வைத்த மாட்டுப் பொங்கல்

ஜப்பான்காரன் காலத்தில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் குதிரைக்காரன். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய குதிரையை ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால்தான், போனவர் யாரும் திரும்பியிராத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் என் பெயர் ஏறவில்லை. குதிரைக்கு ஏதாவது ஆனால் அடுத்த லோரியில் நான்தான்.

அதனால் அதன் வயிற்றை என் வயிற்றைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். கொள்ளு மருந்துக்கும் கிடைக்கவில்லை. புல்லை நானே அறுத்து, ஈரம் போக உலர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். கிடைத்த பிடித் தவிட்டில் இஞ்சியும் ஓமமும் இடித்துக் கலந்தேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். கண்டதைக் கொடுக்காதீர்கள் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! யார் காதில் ஏறியது?

அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்குத் தோட்டத்தில் ஒரு மாடுகூட இல்லை. எல்லாவற்றையும் பட்டாளத்துக்காரர்கள் அடித்துத் தின்றுவிட்டார்கள். நான் புல்லுக்குப் போன நேரம் பார்த்து, லயத்துப் பெண்கள் குதிரைக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அவித்த மரவள்ளியில் கரும்புச் சாறு ஊற்றிப் பிசைந்து, ஒரு சட்டி நிறைய ஊட்டிவிட்டார்கள். முன்னால் நின்றவள் என் மனைவி.

"மாடு இல்லன்னா பொங்கல விட்டுட முடியுமா? இதுக்கும் நாலு காலுதானே," என்றாள்.

"ஒங்க பக்திக்கு நானா சயாமுக்குப் போறது?"

"ஒரு நாளு தின்னா ஒண்ணும் ஆகாது லா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மதியத்துக்குள் ஆகிவிட்டது. குதிரை குளம்பால் தரையைக் கீறியது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. வயிற்றில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. எழுப்பி நடத்தினேன். பெண்கள் பயந்துபோய், ஒளித்து வைத்திருந்த பெருங்காயத்தை எல்லாம் கொண்டுவந்தார்கள். இஞ்சிச் சாற்றோடு வெந்நீரில் கரைத்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினேன். அவர்களைத் திட்டிக்கொண்டே நடந்தேன். குதிரையையும் திட்டினேன், சட்டியை வழித்து நக்கியது அதுதானே. பொழுது சாயும்போது வயிறு களகளவென்று இரைந்தது. பிறகு இலத்தி போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அதிகாரி வந்து குதிரையைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாக ஏறி, கம்போங் ராஜா ஊர்ப் பக்கம் போனார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று பிறகுதான் தெரிந்தது. அவரும் வரவில்லை, குதிரையும் வரவில்லை.

மூன்றாம் நாள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சயாம் பட்டியலைப் படித்தார். என் பெயர் இருந்தது.

"ஐயா, நான் குதிரைக்காரன்," என்றேன்.

"குதிரை எங்கப்பா?" என்றார்.

லோரி வரைக்கும் என் மனைவி கூடவே வந்தாள். நான் ஏறிய பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு, "அத ஏங்க அவ்வளவு நல்லாப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.