சிரிக்கிற பன்றியும் அட்ராக்டாவும்

முதலில் சட்டையைப் பார்ப்பாள். தன் வறுவல் வண்டியின் ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, வரிசையில் நிற்பவனின் மார்பை ஒரு முறை முறைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அட்ராக்டா ராஃப்டரி கரண்டியைக் கையில் எடுப்பாள். பச்சையில் குறுக்கே ஒற்றை வெள்ளைப் பட்டை போட்ட பழைய சட்டை என்றால் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் வழிய வழிய வரும். புதுச் சட்டை என்றால் தட்டின் அடியில் கிடக்கும் தூள்தான். வினிகர் கேட்டால் கிடைக்காது.

"உனக்கெதுக்கு என் வினிகர்? நெஞ்சுல பல்லக் காட்டிட்டு நிக்குதே, அந்தப் பன்னிகிட்ட கேளு."

மட்டையும் சிறு பந்துமாக ஆடுகிற ஹர்லிங் ஆட்டத்துக்கான க்ளூனரா ஊர்க் கிளப்பின் சட்டையில் அந்தப் பன்றி வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு சாசேஜ் கம்பெனி கிளப்புக்குப் பணம் கொடுத்தது. பதிலுக்குச் சட்டையில் தன் பெயரும், பெயருக்கு மேலே இளஞ்சிவப்பில் சிரிக்கிற பன்றியும் வேண்டும் என்றது. கம்பெனியின் பெயரை அட்ராக்டா வாயால் சொல்லமாட்டாள். அவள் சொல்லாத பெயரை இங்கே எழுதி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கும் தெம்பில்லை. பெயர் வெள்ளை எழுத்தாம். வெள்ளைப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து தெரியாதாம். அதனால் நூறு வருடமாகக் கிளப்பின் மார்பில் கிடந்த பட்டையை எடுத்துவிட்டார்கள்.

"எழுத்தக் கறுப்பாக்கியிருந்தா என்ன கேடு? மையி இல்லையா இந்த நாட்டுல?" இதை அவள் கேட்காத ஆள் ஊரில் இல்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டாள். பசுவுக்கு ஊசி போட வந்த டாக்டரிடமும் கேட்டாள். கேள்வி நியாயமானது என்பதால் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

அறுபதைத் தாண்டியவள். வெயிலோ மழையோ பின்னல் குல்லாய் தலையை விட்டு இறங்காது. கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்று நின்று முகம் எப்போதும் சிவந்திருக்கும், அதனால் அவள் கோபமாக இருக்கிறாளா சாதாரணமாக இருக்கிறாளா என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. கோல்வே மாவட்டத்தின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் எந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தாலும் வாசலில் அவள் வண்டி நிற்கும். ஆனால் நடுவர் பந்தை உள்ளே எறிந்த நொடியில் ஜன்னல் பலகை படாரென்று மூடிவிடும். வாசலில் இருபது பேர் பசியோடு நின்றாலும் சரி, அவள் வேலியோரம் போய்விடுவாள். இடைவேளையில்தான் அடுப்பு மறுபடி எரியும்.

"வியாபாரம் பண்ற நேரமா இது? ஆட்டம் நடக்குது!"

ஆட்டக்காரர்கள் எவரும் காசுக்கு ஆடுபவர்கள் இல்லை என்பதுதான் அவள் கோபத்தின் வேர். பால் கறந்துவிட்டு வருபவன், செங்கல் அடுக்கிவிட்டு வருபவன், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வருபவள். மட்டையால் விரல் உடைந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிற கூட்டம் இது. "கூலியே வாங்காம ரத்தம் சிந்துறான். அவன் நெஞ்சை எவனோ வாடகைக்கு விடுறான். அந்தச் சட்டையையே அவன் அம்மா எம்பது யூரோ குடுத்துக் கடையில வாங்குறா. அடுத்த வருஷம் கழுத்துல ஒரு கோட்டை மாத்துவானுங்க, பசங்க புதுசு கேட்டு அழும். இதுக்குப் பேரு பகல் கொள்ளை இல்லாம வேற என்ன?"

டிக்கெட்டை இப்போது கைபேசியில்தான் வாங்கவேண்டும் என்று ஆகிவிட்டதிலும் அவளுக்கு வயிற்றெரிச்சல். கையில் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டில் விழிக்கிற கிழவர்களைத் தன் ஜன்னலுக்குக் கூப்பிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு விரலால் தன் கைபேசியில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பாள். எடுத்து முடிக்கும்வரை கைபேசியைத் திட்டுவாள்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பால் பண்ணை வைத்திருக்கும் ஷேமி எல்லா ஞாயிறும் ஜன்னல் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவளைச் சீண்டுவான்.

"குளிக்கிற அறையில சுடுதண்ணி வருதே, யாரு குடுத்தா? மைதானத்துல விளக்கு எரியுதே, அதுக்கு யாரு காசு? ரொம்பப் பேசுறியே, நீயும் ஆட்டத்த வெச்சு வியாபாரம்தானே பண்ற?"

"பசிச்சவனுக்கு வறுவல் விக்கிறேன். தின்னவன் சட்டையில என் பேர எழுதிட்டு வான்னு சொன்னேனாடா?"

"எழுதச் சொன்னா எழுதிட்டுப் போறோம். எண்ணெய்க் கறை ஏற்கெனவே இருக்கு."

வரிசையே சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு ஷேமியின் பொட்டலத்தில் ஒரு கரண்டி குறைப்பாள்.

ஒரே ஒரு தடவைதான் புதுச் சட்டைக்கு அவள் வினிகர் ஊற்றியிருக்கிறாள். பெண்கள் அணியில் ஆடும் ஊனா, டீச்சர், வரிசையில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்தப் பட்டை போட்ட சட்டைய எங்களுக்கு யாரும் குடுத்ததே இல்ல. பசங்க கிழிச்சுப் போட்டதத்தான் தெச்சு தெச்சுப் போட்டோம். மொத மொதல்ல எங்க அளவுக்குப் புதுச் சட்டை வந்தது இந்தப் பன்னியோடதான்." அட்ராக்டா புதிதாக ஒரு தட்டு வறுவலை எண்ணெயில் போட்டு எடுத்தாள். பிறகு ஊனாவின் பொட்டலத்தை நிரப்பி, வினிகரும் ஊற்றி, "அதுக்கும் சேத்து வெக்கப்படணும் இந்தக் கிளப்பு," என்றாள். ஊனா போனபிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அன்று முழுக்க யார் சட்டையையும் முறைக்கவில்லை.

இந்த ஜூன் மாதம் மேட்டி ஹைன்ஸ் செத்துப்போனான். க்ளூனராவின் கோல் கம்பத்துக்கு முன்னால் இருபது வருடம் மதில் மாதிரி நின்றவன், வயதானபிறகு அட்ராக்டாவின் ஜன்னலே கதி என்று கிடந்தவன். வசந்தத்தில், நோய் முற்றிய சமயம், உப்பில்லாத வறுவலைக் கொறித்தபடி அவளிடம் சொல்லியிருந்தான்: "நாலு பேரு தூக்கிட்டுப் போறப்ப அந்தப் பன்னி மட்டும் என் கண்ணுல படக்கூடாது, அட்ராக்டா." "செத்தவனுக்கு ஏதுடா கண்ணு?" என்றாள் அவள். அப்புறம், "சரி, நான் பாத்துக்கறேன். தின்னு," என்றாள்.

கிளப்பில் ஆடியவர் செத்தால் மாதா கோயில் வாசலிலிருந்து கல்லறைவரை ஆட்டக்காரர்கள் கிளப் சட்டையோடு இரண்டு வரிசையாக நிற்பது இங்கே வழக்கம். சவப்பெட்டி நடுவே போகும். பெட்டியின் மேல் ஒரு சட்டையை மடித்து வைப்பார்கள். கிளப் தலைவன் கோல்மன் ட்ரேசி எல்லோருக்கும் கைபேசியில் செய்தி அனுப்பினான்: புதுச் சட்டையில் வரவும், மேலே கோட் போட்டிருந்தால் ஜிப்பைத் திறந்து விடவும், பத்திரிகைக்காரர் படம் எடுப்பார், கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார், காரியச் சாப்பாட்டுக்கு சாசேஜ் அவர்கள் உபயம்.

அட்ராக்டா நேரே கோல்மனின் டயர் கடைக்குப் போனாள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் இருவரும்.

"சாவு வீட்டுலயுமாடா விளம்பரம்?"

"கத்தாத. ஒப்பந்தத்துல இருக்கு. கிளப் நிகழ்ச்சின்னா புதுச் சட்டைதான். பெட்டி மேல மேட்டி பொண்டாட்டி நோரீன் எத வெச்சாலும் நான் கேக்கமாட்டேன். அது குடும்பத்து விஷயம். பசங்க மட்டும் புதுசுல நிக்கட்டும்."

"ரெண்டு பக்கமும் பன்னி வரிசை. நடுவுல மேட்டி. நல்லா இருக்குடா!"

"மைதான விளக்குக்கு இன்னும் பாதிப் பணம் அவங்க தரணும். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், அட்ராக்டா."

"மேட்டி போட்டானா?"

கோல்மன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போனான். அவனும் மேட்டியோடு பத்து வருடம் ஆடியவன்தான். அட்ராக்டா நோரீனிடம் போனாள். நோரீன் பட்டை போட்ட பழைய சட்டையை மடியில் வைத்து இஸ்திரி போடுவதுபோல் கையால் நீவிக்கொண்டிருந்தாள். "எனக்குச் சண்ட போடத் தெம்பு இல்ல. வெளில நிக்கிறவங்கள நீ பாத்துக்க," என்றாள்.

சாவுக்குப் போட்டுக்கொள்கிற கருநீலக் கோட்டில் அட்ராக்டா கோயிலுக்கு வந்தபோது பூசை முடிகிற நேரம். மழை வரப்போகிற புழுக்கம். இரண்டு வரிசையும் தயாராக நின்றது. எல்லோருடைய கோட்டும் திறந்திருந்தது. மார்புக்கு மார்பு அந்தப் பன்றி சிரித்தது. வாசல் முனையில் கேமராக்காரர், கம்பெனி ஆள், அவர்களுக்குப் பக்கத்தில் கோட்டே இல்லாமல் புதுச் சட்டையில் கோல்மன்.

எல்லோரையும் சந்தி சிரிக்க வைத்துவிடுகிற அளவுக்கு வாயில் வார்த்தை இருந்தது. கோயில் வாசல் என்பதால் விழுங்கிக்கொண்டாள். முதலில் நின்றவனிடம் போய், அவன் கோட்டின் ஜிப்பைப் பிடித்துத் தாடைவரை இழுத்து மூடினாள். அடுத்தவன். அதற்கடுத்தவன்.

"அக்கா, வேர்க்குது."

"வேர்க்கட்டும். அவன் உனக்காக எவ்வளவு வேர்த்திருப்பான்?"

ஊனாவின் முன்னால் வந்தபோது அவள் கை தயங்கியது. ஊனாவே தன் ஜிப்பை ஏற்றிக்கொண்டாள். அதைப் பார்த்து எதிர் வரிசையில் ஒருவன் ஏற்றினான், பிறகு அவனுக்குப் பக்கத்தில் நின்றவன், பிறகு வரிசை முழுக்க ஜிப் இழுபடும் சத்தம். கேமராக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார். கம்பெனி ஆள் கோல்மனின் காதில் ஏதோ சொன்னார். கோல்மன் அசையவில்லை.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து பெட்டியின் முனையும், அதன்மேல் வெள்ளைப் பட்டையும் தெரிந்தன.

அட்ராக்டா தன் கோட்டைக் கழற்றினாள். கோல்மனின் தோளில் போட்டு, அவன் கைகளைக் குழந்தைக்கு நுழைப்பதுபோல் ஒவ்வொன்றாக நுழைத்து, கீழேயிருந்து பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள். பெண்பிள்ளைக் கோட்டு, அவனுக்குத் தோள் இறுக்கியது. அவள் கை கழுத்துக்கு வந்தபோது, கடைசிப் பொத்தானைப் போட வசதியாக, கோல்மன் தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான்.