கள்ள அண்ணை

என் மனுசன் சண்முகராசா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வந்தது.

நாங்கள் லண்டனில், எட்மண்டனில் இருக்கிறோம். அவருக்குத் தொழில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் மரத்தரை போடுவது. பைத்தியம், சோல் பாட்டு. அறுபதுகளில் கறுப்பு அமெரிக்கர்கள் பாடி, அங்கேயே விலைபோகாமல் கிடந்த சின்னச் சின்ன இசைத்தட்டுகளை இங்கிலாந்துக்காரர் தேடிப் பிடித்து ஆடினார்கள். இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஒரு யாழ்ப்பாணத்து ஆளுக்கு இது எப்படித் தொற்றியது என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ முகாமுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியபோது தொற்றியது. பக்கத்தில் நின்று கழுவிய கொட்வினுக்கும் சேர்த்தே தொற்றியது.

கொட்வினைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல ஏலாது. எண்பத்தாறில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஜெர்மனிக்குள் போனார்கள். இவர் கையில் இருந்தது கொட்வினின் சொந்த அண்ணனுடைய பாஸ்போட். படத்தில் இருந்த முகத்துக்கும் இவருக்கும் மூக்கு மட்டும்தான் பொருத்தம். ரயிலில் பொலிஸ் வருவதைக் கண்டதும் கொட்வின் லேஞ்சியை எடுத்து, எச்சில் தொட்டு, இவர் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டாராம். பொலிஸ்காரன் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது, "என்ர அண்ணை" என்று இவர் தோளில் கையைப் போட்டாராம். அன்றையிலிருந்து கொட்வினுக்கு இவர் கள்ள அண்ணை. "டேய் கள்ள அண்ணை, சொல்லடா" என்றுதான் போனை எடுப்பார். எங்கள் கல்யாணத்துக்குத் தந்த பரிசுப் பெட்டியின் மேலும் அப்படித்தான் எழுதியிருந்தார். என் அம்மா, மாப்பிள்ளை என்ன களவெடுத்தவர் என்று பயந்தே போய்விட்டார்.

வெம்பிளியில் ஒரு கிளப் மண்டபம். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கே சோல் ஆட்டம். நடத்துகிறவர் கொலின் என்கிற வெள்ளைக்காரர். அந்த மண்டபத்துத் தரை என் மனுசன் போட்டது. அங்கே பாட்டுப் போடுகிறவர்களில் அவரும் ஒருவர். வழுக்கி ஆட வசதியாக அதில் பவுடர் தூவுவார்கள், கரம் விளையாடுகிற பலகைக்குத் தூவுவது போல. நான் றோல்ஸ் பொரித்துக்கொண்டு போய் ஒரு மேசையில் விற்பேன். வாசலில் ஒரு நோட்டீஸ் தொங்கும்: ஒரிஜினல் தட்டு மட்டும். அந்தக் காலத்தில் அந்தந்தக் கம்பனியே வெளியிட்ட தட்டுத்தான் ஒரிஜினல். பிறகு யாரோ கேட்காமல் பார்க்காமல் பிரதியெடுத்து விற்றதற்குப் பூட்லெக் என்று பெயர். நான் கள்ளத் தட்டு என்பேன்.

இதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த சண்டை இருக்கிறதே, ஐயோ! கொட்வின் மனோர் பார்க்கிலிருந்து வருவார். நான் புட்டும் கறியும் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன், இரண்டு பேரும் தொட மாட்டார்கள்.

"ஒரு தட்டுக்காண்டி வருசக்கணக்கா அலைஞ்சவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமே?" என்பார் இவர்.

"ஆடுற கால் லேபிள் வாசிக்குதே?" என்பார் கொட்வின்.

"ஒருத்தரிட்டயும் இல்லாத பாட்டைப் போடுறதுதான் திறமை."

"ஒருத்தரும் ஆடாத பாட்டைப் போடுறது என்ன திறமையடா, கள்ள அண்ணை?"

கத்தி முடித்துக் கடைசியில் சிரித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஆறின புட்டுத்தான். நான் சூடாக்கிக் கொடுத்ததில்லை. வேணும் அவர்களுக்கு.

கொட்வின் வான் ஓட்டிப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். விலைகூடிய ஒரிஜினல் வாங்குகிற வசதி அவருக்கு இல்லை, மலிவாய்க் கிடைத்ததும் கள்ளத் தட்டுமாய் இருக்கிற சின்னப் பெட்டியே போதும் என்பார். ஆனால் ஒரு நாளாவது அந்த மண்டபத்தில் பாட்டுப் போட வேண்டும் என்கிற ஆசை இருந்தது. இவர்தான் கொலினிடம் கதைத்துக் கதைத்து, போன சித்திரையில் அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தார். கொட்வின் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து, "தங்கச்சி, பயமாக் கிடக்கு, ஒரு றோல்ஸ் தா" என்றார்.

முதலில் இவருடைய முறை. இங்கிலாந்திலேயே ஒருவரிடமும் இல்லாத தட்டு என்று பெருமையடித்துவிட்டு ஒன்றைப் போட்டார். பாட்டோ நடந்து போகிற வேகம்கூட இல்லை. சனம் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு இறங்கி என் மேசைக்கு வந்துவிட்டது. என் றோல்ஸ் முடிந்தது அப்போதுதான். இவர் முகம் செத்துப்போயிற்று.

பிறகு கொட்வின் போட்டார். கடைசிப் பாட்டுக்கு, முழங்கால் ஏலாது என்று மூலையில் குந்தியிருந்த கிழடுகள்கூட எழும்பிவிட்டன. தரை நிறைந்து, பவுடர் பறந்து, எனக்கே கால் துடித்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல். கொட்வின் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் மனுசன் போய் அந்தத் தட்டைக் கையில் எடுத்தார். பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையில் ஒரு வெறும் வளையம் இருக்கும். அதில் ஒரு இலக்கம் இருக்கும். அந்தப் பாட்டின் ஒரிஜினலில் அது மெசினால் குத்தியது, கள்ளத் தட்டில் கையால் கீறியது. இவர் லைட்டுக்குக் கீழே சரித்துப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தார். "இது பூட்லெக். கீறின இலக்கம்," என்று இங்கிலீசில் சொன்னார். சொல்லிக்கொண்டே தட்டைத் திருப்பினார். திருப்பியதும் அவர் முகம் மாறியதை என் மேசையிலிருந்தே கண்டேன். மைக் கையில்தான் இருந்தது. வேறொன்றும் சொல்லவில்லை.

கைதட்டின கைகள் எல்லாம் அப்படியே நின்றன. கொலின் வந்து, விதி விதிதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கொட்வினிடம் சொன்னார். கொட்வின் கொலினைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்தார், கனநேரம் பார்த்தார். பிறகு தட்டை வாங்கி உறையில் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் இவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. குசினி வாசலில் நின்றார்.

"கௌரி, அந்தத் தட்டின்ர மற்றப் பக்க லேபிளில பேனையால ஒரு 'ச' எழுதிக் கிடந்தது."

"அதுக்கென்ன?"

"அது என்ர எழுத்து. ஒரிஜினல் வாங்கின அண்டைக்கு என்ர பழைய கள்ளத் தட்டை அவனுக்குக் குடுத்தனான். பிறந்தநாளுக்கு."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. இவரே கொடுத்த தட்டு! 'இது நீ தந்ததுதானேடா' என்று கொட்வின் ஒரு சொல் சொல்லியிருந்தால் இவர் மானம் அந்தத் தரையிலேயே போயிருக்கும். அந்த மனிதர் வாய் திறக்கவில்லை.

"கண்டவுடன சொல்லியிருக்கலாம்தானே? மைக் கையிலதானே இருந்தது? வாய் வெந்து போகுமே?"

"சனம் பாத்துக்கொண்டு நிண்டது."

"ரயிலுக்க பொலிஸ்காரனும்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்! நீங்களே ஒரு கள்ளத் தட்டு. அவர் உங்களைப் பிடிச்சுக் குடுத்தவரே?"

சொன்ன பிறகு எனக்கே சுட்டது. அவர் போய்ப் படியில் இருந்துகொண்டார். "தட்டுக்காண்டி இல்லை கௌரி. எனக்கு ஆடாத சனம் அவனுக்கு ஆடிச்சுது. பொறுக்கேல்லை," என்றார். இப்படி ஒரு நாளும் அவர் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை.

கொட்வின் போனை எடுக்கவில்லை. இவர் வீட்டில் பாட்டுப் போடுவதை நிற்பாட்டிவிட்டார். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பார். நான் விடவில்லை. "சபையில செய்ததைச் சபையில திருத்துங்கோ" என்று தள்ளிக்கொண்டு போனேன். அடுத்த மாதம் மைக்கைப் பிடித்து, அந்தத் தட்டைக் கொடுத்தது நான்தான், பிழை என்னுடையது என்று எல்லோருக்கும் சொன்னார். பாதிப் பேருக்கு எந்தத் தட்டு என்றே ஞாபகம் இல்லை. கொலின் தோளில் தட்டி, பரவாயில்லை, கொட்வினை வரச் சொல் என்றார். கேட்க வேண்டிய ஒருவர் மட்டும் அங்கே இல்லை.

அடுத்த ஞாயிறு மனோர் பார்க்குக்குப் போனோம். இவர் அந்தப் பாட்டின் ஒரிஜினலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கீறல் விழும் என்று ஒரு நாளும் சபையில் போடாத தட்டு. அதைக் கொட்வினுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வந்தார். கதவு திறந்தது.

"வாங்கோ அண்ணை. வா தங்கச்சி. இருங்கோ."

தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. மழையைப் பற்றிக் கதைத்தோம். இவர் திக்கித் திக்கி மன்னிப்புக் கேட்டார். "அதை விடுங்கோ அண்ணை, நான் அப்பவே மறந்திட்டன்," என்றார் கொட்வின். ஒரிஜினலைக் கையில் வாங்கி, ஆசையாகத்தான் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவு பெறுமதியான சாமான் எனக்கெதுக்கு? நீங்களே வச்சிருங்கோ." பிறகு உள்ளே போய், அந்தக் கள்ளத் தட்டையும் கொண்டுவந்து இவர் மடியில் வைத்தார். "இதையும் கொண்டு போங்கோ. உங்கட எழுத்துக் கிடக்கு."

எனக்கு நல்ல சந்தோசம். கோபமில்லை, சத்தமில்லை, மரியாதையாகக் கதைத்து அனுப்பினார் என்று நினைத்தேன். ரயிலில் அதைத்தான் சொன்னேன். "பாத்தீங்களே, அந்தாள் மனசில ஒண்டும் வச்சிருக்கேல்லை."

இவர் இரண்டு தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை எண்டு கூப்பிட்டவன், கௌரி," என்றார். "வெறும் அண்ணை."