வனஜா சொன்னது

ஒரு பெண்ணின் வேலை போனதற்கு நான்தான் காரணம். ஒரு வார்த்தை சொல்லி அதைச் சரிசெய்திருக்கலாம். சொல்லவில்லை.

நான் சிங்கப்பூரில் சமூகவியல் பேராசிரியை. தொண்ணூறுகளில் பெங்களூரு பீன்யாவில் அறையெடுத்துத் தங்கி, சட்டை தைக்கும் தொழிற்சாலைத் தமிழ்ப் பெண்களை ஆராய்ந்தேன். என்னிடம் அதிகம் பேசியவள் கஸ்தூரி.

"கை நோவு தாங்கலன்னா ஊசிய நாங்களே ஒடச்சுடுவோம்க்கா. மெக்கானிக் வர்ற வரைக்கும் ரெஸ்டு."

எங்கள் துறையில் தகவல் தந்தவரின் உண்மைப் பெயரை எழுதுவதில்லை. மாற்றுப்பெயரை அவர்களையே சொல்லச் சொல்வது என் வழக்கம். அதை நான் மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

"வனஜான்னு போட்டுக்கோங்க" என்று சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதே என் பிழைப்பு... அன்று கேட்கவில்லை!

மறு ஆண்டு நான் மீண்டும் பீன்யாவில் இருந்தபோது கட்டுரை வெளிவந்தது. கன்னட நாளிதழ் ஒன்று அதைச் சுருக்கிப் போட்டது, ஊசி உடைக்கும் பேச்சை வனஜா என்ற பெயரோடு. சில நாளில் கஸ்தூரி அழுதுகொண்டு வந்தாள். வனஜா அவளுடைய பக்கத்து மெஷின்காரியாம். நிர்வாகம் அந்த வனஜாவை வெளியே அனுப்பிவிட்டது.

"அப்ப எங்களுக்குள்ள சண்டைக்கா. சும்னே வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன். நீங்க வந்து, அது அவ இல்லன்னு மட்டும் சொல்லுங்க. எம் பேரு வேணாம்."

அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் என் பதவி உயர்வு அப்போது பரிசீலனையில் இருந்தது. அந்தக் கட்டுரையை நம்பித்தான் விண்ணப்பித்திருந்தேன். அதில் பிழை என்று நானே சொன்னால்...?

தகவல் தந்தவர்களைப் பற்றி வாய் திறப்பது ஆய்வு நெறிக்கு விரோதம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் நெறியின் பின்னால் ஒளிகிறேன் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த நாள் வனஜாவே வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"நான் உங்ககிட்டப் பேசினதே இல்லியே மேடம்."

அது வேறு வனஜா என்றேன். என்னை நம்பினாள் போலும், தலையசைத்துவிட்டுப் போனாள். அந்த வாரமே ஊர் திரும்பினேன். பதவி உயர்வும் கிடைத்தது.

அவளுக்கு வேறு வேலை கிடைத்ததா? விசாரிக்கவில்லை. கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். மாணவர்களுக்கு ஆய்வு நெறி கற்பிப்பவளும் நான்தான் என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். "வனஜா கூறுவதுபோல" என்று எழுதுகிறார்கள். வனஜா என்னிடம் கூறியது ஒரே வாக்கியம். அதை நான் எங்கும் எழுதியதில்லை.