ஐந்தாம் நிமிடத்து மணி

என்னை நம்பிய ஒருவனுக்கு வேண்டுமென்றே தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீலகிரியிலிருந்து கோயமுத்தூருக்கு மின்சாரம் வந்த புதிது, முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியின் விவாத சங்கத்துக்கு நான் செயலாளர். வெளிப் பள்ளிகளோடு மோதும் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த ஆண்டுதான் தமிழிலும் பேசலாம் என்று அனுமதித்தார்கள். உடனே விடுதியில் தங்கிப் படித்த, கருமத்தம்பட்டிப் பக்கத்து விவசாயி மகன் ஒருவன் பெயர் கொடுத்தான். வகுப்பில் ஒரு நாள் அவன் பேசியதைக் கேட்டதுமே அந்த இடம் எனக்குக் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

அவனுக்கு விவாத முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஆசிரியர் என்னிடமே விட்டார். நானும் சொல்லிக்கொடுத்தேன். மோஷன் என்றால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் தீர்மானம். அதை முன்மொழிபவன் முதலில் பேசுவான், அடுத்து எதிர்ப்பவன், பிறகு இரு பக்கத்து ஆதரவாளர்களும் மாறி மாறிப் பேசுவார்கள். எதிராளியை நேராகப் பார்த்துப் பேசக் கூடாது, தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"திட்டறதுன்னாலும் தலைவரப் பாத்துத்தான் திட்டோணுமா? பாவம் அவரு!" என்று சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டான்.

மணி விஷயத்தில்தான் ஏமாற்றினேன். பேச்சுக்கு ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் அடிக்கும் ஒற்றை மணி, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்ற எச்சரிக்கை மட்டுமே. ஏழில் இரட்டை மணி அடித்த பிறகுதான் நிறுத்த வேண்டும். நான் அவனிடம், "மணி கேட்டா பாதிப் பேச்சுல இருந்தாலும் உக்காந்துரோணும். இல்லீன்னா பேரை அடிச்சுப்போடுவாங்க" என்றேன். முன்மொழிந்தவனுக்குக் கடைசியில் பதில் சொல்லும் உரிமை உண்டு என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க நடந்த விவாதத்தில், விவசாயிக்கு மின்சாரம் தேவை என்பது தீர்மானம். அவன் முன்மொழிகிறான், நான் எதிர்க்கிறேன். மகன் படிப்பைத் தொடர்வதா, தோட்ட வேலைக்குத் திரும்புவதா என்று முடிவு செய்யும் முன் ஒரு தடவை அவன் பேச்சைக் கேட்டுவிட அவன் அப்பாவும் வந்திருந்தார். தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவன் அருமையாகப் பேசினான். கையில் கடிகாரம் இல்லாதவனுக்கு மேடையில் நேரம் போவது எப்படித் தெரியும்? "எங்கள் தோட்டத்தில் என் அப்பா..." என்று தொடங்கியபோது ஒற்றை மணி அடித்தது. சட்டென்று உட்கார்ந்துவிட்டான். பையன்கள் சிரித்தார்கள். அதன் பிறகு பேசிய நாங்கள் எல்லோரும் ஒற்றை மணிக்குப் பிறகும் பேசினோம். கடைசியில் பதில் சொல்லத் தலைவர் அழைத்தபோது, அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுத்தான். வெற்றி எனக்கு. அன்று மாலையே அவனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா ஊருக்குப் புறப்பட்டார். மகன் தயங்கித் தயங்கிப் பின்னால் போனான்.

ஒரு வாரம் அவன் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் அவன் ஊருக்குக் கிளம்பினேன்.

அவன் அப்பா கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்கும்போது தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். அவை பின்னோக்கி ஏறும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். அவர் என் பக்கம் வரும் நேரத்தில்தான் பேச முடிந்தது. மகன் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றிருந்தான்.

"வாங்க தம்பி. நீங்கதான அன்னிக்கு ஜெயிச்சவரு?" என்றார். "இவன் அப்பனப் பத்திச் சொல்ல வந்து வெக்கப்பட்டு உக்காந்துபோட்டான். கேட்டா மணி அடிச்சுதுங்கறான். மத்தவங்களுக்கும்தான மணி அடிச்சுது?"

மாடுகள் இறங்கின. அவை திரும்பி வரும்வரை காத்திருந்து, "அவன் வெக்கப்படலீங்க. நான்தானுங்க தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்" என்று முழுவதையும் சொன்னேன். அவர் மாடுகளை நிறுத்தினார்.

மகன் என்னைப் பார்த்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிப்போட்டேன்" என்றான். அவன் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு அப்பா, "அந்தப் பேச்சோட மிச்சம் என்னடா? இப்பச் சொல்லு" என்றார்.

அவன் மண்வெட்டியைப் பிடித்தபடியே சொன்னான்: "எங்கள் தோட்டத்தில் என் அப்பா விடிவதற்குள் கவலையில் இறங்குவார். ஒரு நாளில் அவர் நடக்கும் தூரத்தை நேராக நடந்தால் கோயமுத்தூருக்கே போய்விடலாம். ஆனால் சாயங்காலம் அதே கிணற்றடியில்தான் நிற்பார். மின்சாரம் வந்தால் பகலில் கொஞ்ச நேரம் அவர் உட்காருவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏண்டா, சோறு திங்கறப்ப உக்காந்துதான திங்கறேன்? அத்தன பேருக்கு முன்னால இந்தப் பொய்யையா சொல்ல இருந்தே?" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எனக்கு ஒரு வாரமாக நின்றிருந்த மூச்சு திரும்பி வந்ததுபோல இருந்தது.

திங்கட்கிழமை அவன் டிரங்குப் பெட்டியோடு விடுதிக்கு வந்துவிட்டான். அன்றே ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் பதவி போனது. அணியின் இடத்தையும் விட்டுக்கொடுத்து, விவாதத்தை மறுபடி நடத்தும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்து, மணி அடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

மறு விவாதத்தில் அவன் பேச்சின் ஐந்தாவது நிமிடத்தில் ஒற்றை மணி அடித்தேன். அவன் நிறுத்தி, ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குதுங்க, தலைவர் அவர்களே!" என்றான். மண்டபமே சிரித்தது. கடைசி பெஞ்சிலும் ஒருவர் சிரித்தார். அணியின் இடம் அவனுக்கே கிடைத்தது.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எந்தக் கூட்டத்தில் மணி ஒலித்தாலும், முதலில் அவன் உட்கார்ந்தது நினைவுக்கு வந்து நெஞ்சு சுருங்குகிறது. அடுத்த கணமே அவன் உட்காராமல் நின்று பேசியதும் நினைவுக்கு வர, அந்தச் சனிக்கிழமை சைக்கிளை எடுத்தேனே என்று ஆறுதல் அடைகிறேன்.