மருதாயி அம்மாள் ஏறி இறங்கிய வீடுகள்

மருதாயி அம்மாளின் அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள்: நான், தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருக்கும் என் கணவர், குழி வெட்டிய இருவர், கோயில் பண்டாரம், நரசம்மா, இடுப்பில் மகளோடு செல்லம்மா. எங்களை விட்டுத் தள்ளி, ரப்பர் மரத்தடியில், கங்காணியின் மருமகள் வள்ளியம்மை தன் மகனோடு நின்றாள். அவ்வளவுதான். ஆண்கள் பாதிப் பேர் சயாமுக்குப் போய்விட்ட தோட்டத்தில், பெண்கள் மயானத்துக்கு வரலாமா என்று கேட்கவும் ஆளில்லை.

அன்று விடிந்ததும் என் கணவர் வந்து, "ஆயா போயிட்டாங்க" என்றார். நான்கு நாள் காய்ச்சல். கொடுக்கக் கொய்னா மாத்திரை இல்லை. நம் தாய் மாரியம்மாவிடம் வேண்டிக் கேட்டேன்; அவளும் கொடுக்கவில்லை. அவளிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் இந்தக் கோயிலில் அவள் முன்னாலேயே சொல்கிறேன்.

இன்று கருமாதிக்கு வந்திருக்கும், தோட்டத்தின் அடுத்த டிவிஷன்காரர்களுக்கு அவரைத் தெரியாது. எங்கள் ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். கொட்டகைக்கு அரிசி, உப்பு அளந்து கொடுப்பது என் பொறுப்பு. அதனால் தினமும் பார்ப்பேன்.

ஒரு பிள்ளை புதிதாக வருகிறது என்றால், முந்தைய வாரமே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். தாய் என்ன வேலை செய்கிறாளோ அதில் தானும் கை வைப்பார். ஏன் என்று கேட்டேன். "சும்மா போய் உக்காந்தா போலீசு வந்த மாதிரி இருக்கும், டிரஸ்ஸரம்மா. கையில வேலை இருந்தா அதுங்களா பேசும்" என்றார்.

தெலுங்குக்கார நரசம்மாவின் பிள்ளை தூளியில் போட்டால் அலறும். ஆயா அந்த வீட்டில் இரண்டு சாயங்காலம் கீரை ஆய்ந்தார். நரசம்மா காலை நீட்டி, பிள்ளையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு ஆட்டித்தான் தூங்க வைக்கிறாள் என்று கண்டுகொண்டார். மறுநாளிலிருந்து கொட்டகையிலும் அப்படியே.

"என்ன ஆயா, ஒங்க காலையே தூளியாக்கிட்டீங்க?" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

"ஒம் மாமியா காலு சும்மாதானே கெடக்கு. நாளைக்கு அனுப்பி வையி" என்றார் ஆயா. அந்த மாமியாரும் அங்கேதான் நின்றார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் பால் வெட்டுவது நின்றது. மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டோம். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்களின் பெயரைக் கங்காணி வாசித்தார். செல்லம்மாவின் புருஷன் பெயர் இருந்தது. என் தம்பி பெயர் இருந்தது. கங்காணி மகன் பெயர் இல்லை.

மறுநாள் கொட்டகைக்கு வந்த ஒரே பிள்ளை கங்காணியின் பேரன். அவனோடு சேர்த்துத் தங்கள் பிள்ளைகளைப் படுக்க வைக்க யாருக்கும் மனமில்லை. எனக்கும் இல்லை. "அவனை நிறுத்திடுங்க ஆயா, மத்ததெல்லாம் வந்துடும்" என்றேன்.

"பையனுக்கு வயித்தால போகுது. ஒனக்கு அவன் தாத்தனோட சண்டை போடணும்னா அங்க போய்ப் போடு. இப்பக் கஞ்சிக்கு உப்பு குடு" என்றார்.

மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு பிள்ளையாகத் திரும்பி வந்தது. செல்லம்மா மட்டும் அசையவில்லை. மகளை வேலைக் காட்டுக்குத் தூக்கிப் போய் மரத்தடியில் போட்டாள். செவ்வெறும்பு கடித்துப் பிள்ளையின் கால் வீங்கியது. ஆயா அவள் வீட்டுக்குப் போய்க் கிழங்கு உரித்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அந்த வீட்டுப் புள்ளைக்குக் கஞ்சி ஊத்துற கையால எம் புள்ளையத் தொடாதீங்க. ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள் செல்லம்மா.

"இருக்கு. உரிச்சு முடிச்சிட்டுப் போறேன்."

இப்படிப் பல சாயங்காலம். பலன் இல்லை. காய்ச்சல் முந்திக்கொண்டது. அடக்கம் முடிந்து திரும்பும்போது நான் செல்லம்மாவிடம், "இனியாவது அனுப்புறியா?" என்று கேட்டேன். "பாக்கலாம் டிரஸ்ஸரம்மா" என்றாள். இந்தப் பதினாறு நாளும் வீட்டுக்கு வீடு எனக்குக் கிடைத்தது இந்தப் "பாக்கலாம்"தான். ஆயாவிடம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் இப்போது, "ஆயா மொகத்துக்காக அனுப்பினோம், இனி எதுக்கு அந்தக் கங்காணி பேரனோட?" என்கிறார்கள். வீடு வீடாக நடந்து அவர் கால் தேய்ந்ததற்கு மதிப்பு இவ்வளவுதானா?

பூட்டிய கொட்டகையை ஜப்பான்காரத் துரை கிழங்கு அடுக்கும் ஸ்டோராக்கச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வந்தால் கொட்டகையை விட்டுவிடுவதாக, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியார் அவரிடம் வாங்கி வந்த தவணை திங்கட்கிழமையோடு முடிகிறது. வேறு ஆயா கிடைக்கும்வரை நானே உட்காருகிறேன். வள்ளியம்மையின் மகனும் அங்கேதான் இருப்பான். என் தம்பியிடமிருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை. அதை மறந்து இதைச் சொல்லவில்லை.

ஆயாவைப் போர்த்தக் கோடித் துணி கிடைக்கவில்லை. கொட்டகைத் தூளிகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, அதில்தான் சுற்றினோம். யார் வீட்டு வேட்டி, யார் வீட்டுக் கைலி என்று தைத்த எனக்குத் தெரியும். இனி யாருக்கும் தெரிய வேண்டாம். உத்தரத்தில் வெறும் கயிறுகள் தொங்குகின்றன.

போய் வாருங்கள், ஆயா. உங்களுக்கு வந்த பொறுமை எனக்கு வராது, முடிந்ததைச் செய்கிறேன்.

தாய்மாரே, பிள்ளையை அனுப்புவதென்றால் தூளிக்கு ஒரு துணியும் கொடுத்துவிடுங்கள். அனுப்புவீர்களா மாட்டீர்களா என்று வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.