மேளக்காரர் வாய் மறந்த இடம்

மா பில்சுன் வாயைத் திறந்தால் முதலில் வருவது பாட்டல்ல, வசவு. காலையில் எங்கள் துறைமுகச் சந்தையில் கடல் மட்டி விற்பாள். அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே பேரம் பேசுகிறவர்கள் இருந்தார்கள். எங்காவது அறுபதாம் பிறந்தநாள் விருந்து என்றால், மத்தியானத்துக்கு மேல் ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, தரையில் புரளும் வெள்ளைப் பாவாடை உடுத்தி, விசிறியை இடுப்பில் செருகிக்கொண்டு பாடக் கிளம்பிவிடுவாள்.

சிறு வயதில் ஒரு நாடோடிப் பாட்டுக் குழுவோடு சுற்றியவள். அலைக்கு எதிரே நின்று கத்திக் கத்திப் பழகியதில் குரல் உடைந்து, ஆறி, மறுபடி உடைந்து, கடைசியில் கூழாங்கற்கள் உருளுகிற மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் குரலுக்குத்தான் மரியாதை. வழவழவென்று பாடினால், "இன்னும் பழுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள்.

எங்கள் கொரியக் கதைப்பாட்டான பான்சோரிக்கு இரண்டு பேர் போதும். பாயில் நின்று கதை முழுவதையும் பாடியும் பேசியும் அழுதும் சொல்ல ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டே, "அப்படிப் போடு!", "ஆமா, பின்னே!" என்று குரல் கொடுக்க இன்னொருவர். பில்சுனுக்கு அந்த இன்னொருவர், சைக்கிள் கடை வைத்திருந்த தாக் மான்கில்.

மான்கில் பேசவே மாட்டார். மனைவி செத்துப்போன பிறகு இன்னும் மோசம். "பஞ்சரா அண்ணே?" என்று கேட்டால் தலையாட்டல், "எப்ப வரட்டும்?" என்றால் விரலால் ஒரு சைகை. ஆனால் மேளத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். பில்சுனுக்கு எங்கே மூச்சு முட்டும், எங்கே வரி மறக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சரியாக அந்த இடத்தில் "ம்ம்… சொல்லு, சொல்லு" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்த இடைவெளியில் அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள். கேட்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. பல வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பில்சுனும் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். ஊர் சும்மா இருக்குமா? முணுமுணுக்கத்தான் செய்தது. இவர்களோ விருந்து முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விருந்து. உப்பு வியாபாரியின் கதையைப் பாடினாள். படகு கவிழ்ந்துவிட்டது என்று சேதி வந்து, அவன் மனைவி படித்துறையில் விழுந்து புரண்டு அழுகிற கட்டம். அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பாடி நிறுத்தும்போது மான்கில்லின் குரல் வரவேண்டும். வரவில்லை. மேளமும் ஒரு அடி தவறியது. பில்சுன் மூச்சுக்குத் திணறி இருமிவிட்டாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எப்படியோ சமாளித்து முடித்தாள். முடித்ததும், அத்தனை பேர் முன்னாலும் மான்கில்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, தூங்குமூஞ்சி! மேளத்து மேல படுத்துத் தூங்கவா உன்னக் கூட்டிட்டு வந்தேன்?"

"தூங்கல."

"பின்னே, வாயில மட்டி மாட்டிக்கிச்சா?"

மான்கில் மேளத்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் நான்தான் நடுவில் அலைந்தேன்.

"ஏன்க்கா, நீயே போய் ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"நானா? நல்லாருக்கே கதை! ஊர்ல மேளக்காரனுக்கா பஞ்சம்? கண்ண மூடிட்டு ஒரு கல்ல விட்டெறி, ஒருத்தன் மண்டையில விழும்."

சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களாவது இறங்கி வரக்கூடாதா?"

"தள்ளி நில்லு தங்கச்சி, வெடிச்சிரும்."

அவ்வளவுதான்.

பில்சுன் எறிந்த கல் ஜோங்பே மேல் விழுந்தது. அறுவடைக் காலத்தில் வயல் வரப்பில் ஆடிக்கொண்டே கொட்டு அடிக்கிற கூட்டத்தில் அவன்தான் முன்னால் போவான். நல்லவன், தொப்பைக்காரன், சிரித்த முகம். அடித்தான் என்றால் அடுத்த ஊர் நாய்கூடக் குரைக்கும். ரைஸ்மில் யோம் ஐயாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அவனைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

ஊரே வந்திருந்தது. பழங்களும் அரிசிக் கேக்குகளும் கோபுரம் கோபுரமாக அடுக்கிய மேசைக்குப் பின்னால் யோம் ஐயா பட்டுடுப்பில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மான்கில்லுக்கும் அழைப்பு போயிருந்தது. மில் வண்டிகளுக்கெல்லாம் பஞ்சர் பார்ப்பவர் அவர்தானே? கடைசி வரிசையில், மூக்கைத் துளைக்கும் புளிக்கவைத்த திருக்கை மீன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன்.

பில்சுன் மறுபடி உப்பு வியாபாரி கதையைத்தான் எடுத்தாள். வேண்டுமென்றே எடுத்தாளோ என்னவோ. ஜோங்பே தொடக்கத்திலேயே அடித்த அடியில் இரண்டு கேக் கோபுரங்கள் ஆடின. பாவம், அவனும் கவனமாகத்தான் கேட்டான். ஆனால் குரல் கொடுக்கிற இடம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. கதையில் புயல் வந்தது, பாய்மரம் முறிந்தது, உப்பு மூட்டைகளோடு படகு மூழ்கியது.

"அப்படிப் போடு!" என்று ஜோங்பே உற்சாகமாகக் கத்தினான்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. படித்துறையில் மனைவி அழ ஆரம்பித்தாள். "ரொம்ப நல்லாருக்கு!" என்று இன்னொரு சத்தம். பில்சுன் அந்த நீளமான இழுப்பை இழுத்தாள். மூச்சு தீர்ந்துகொண்டே வந்தது. முகம் சிவந்தது.

அப்போது என் பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில், "ம்ம்… சொல்லு, சொல்லு."

பில்சுன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டாள். அடுத்த வரியில் அந்தக் குரல் எழும்பியது பாருங்கள், யோம் ஐயாவின் விறைப்பெல்லாம் போய், கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மான்கில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தார். வரிக்கு வரி குரல் கொடுத்தார். ஜோங்பேகூட அவரைப் பார்த்துப் பார்த்து மெதுவாக அடித்தான்.

கதையில் வருஷங்கள் ஓடின. ஒருநாள் கந்தலும் தாடியுமாக ஒருவன் படித்துறையில் வந்து நிற்கிறான். இது பாட்டில்லாமல் பேச்சாகவே சொல்கிற கட்டம். வந்தவனிடம் மனைவி கேள்வி கேட்பாள், மேளக்காரர் அந்தப் புருஷனாகப் பதில் சொல்ல வேண்டும். பில்சுன் விசிறியை மடக்கி, கடைசி வரிசையைப் பார்த்து நேராக நீட்டினாள்.

"ஏய்யா! இத்தனை நாளா எங்கேய்யா போயிருந்தே?"

ஜோங்பே பதில் சொல்ல வாயைத் திறந்தான். யோம் ஐயா எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மான்கில் தலையைச் சொறிந்தார். "பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வீட்டு நெனப்பே வரலியா?"

"வந்துச்சு. நீதான் வாசல்ல நின்னு கத்துனியே."

"கத்தாம? தூங்குற ஆள எழுப்புறது ஒரு குத்தமா?"

இது கதையில் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள்.

"நான் தூங்கலன்னு அன்னிக்கே சொன்னேன்."

"பின்னே என்னதான்யா ஆச்சு ஒனக்கு?"

மான்கில் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருக்கைத் தட்டைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

"நீ அழுது பாடுனதப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். மூஞ்சியையே பாத்துக்கிட்டு… வாய் மறந்துபோச்சு."

ஒரு ஈ பறந்தால் கேட்கும். அந்த அமைதியில்,

"அப்படிப் போடு!" என்றான் ஜோங்பே.

அன்றைக்கு அவன் சரியான இடத்தில் கொடுத்த குரல் அது ஒன்றுதான். வீடே அதிர்ந்தது. யாருக்கும் எதற்கும் பதில் வைத்திருக்கிற பில்சுன், விசிறியை விரித்து முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். காது மட்டும் வெளியே தெரிந்தது, வெந்த நண்டு மாதிரி.

ஜோங்பே தானே எழுந்து, "அண்ணே, வாங்க. எனக்குத் தாகமா இருக்கு" என்று மேளத்தைக் காட்டிவிட்டு அரிசிக் கள் பானைப் பக்கம் போய்விட்டான். மான்கில் போய் உட்கார்ந்தார். மிச்சக் கதையை அவர்கள் முடித்த விதத்தை எங்கள் ஊர் இன்னும் பேசுகிறது. யோம் ஐயாவின் மனைவி மட்டும், "இது என் வீட்டுக்காரருக்கு அறுபதா, இல்ல உங்களுக்கு நிச்சயதார்த்தமா?" என்று கேட்டு எல்லோரையும் மறுபடி சிரிக்க வைத்தாள்.

மறுநாள் பில்சுன் என் கடைக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள்.

"இந்த வயசுல எனக்கு இது தேவையாடி?"

"அவரு கட்டிக்கிறியான்னு கேட்டாரா?"

"எங்க கேக்குறான்? காலையில வந்து மட்டிக்கூடைய எடுத்து சைக்கிள்ல கட்டிட்டு, கடை வரைக்கும் தள்ளிட்டு வந்தான். ஒரு வார்த்த பேசல."

"நீ என்ன சொன்னே?"

"மெதுவாத் தள்ளுய்யா, மட்டி செதறுதுன்னேன்."

வசந்தத்தில், செர்ரி பூத்து முடிவதற்குள் கல்யாணம். மணப்பெண் தலை குனிந்து பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மான்கில்லின் அத்தை ஒருத்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பில்சுன் கன்னத்தில் மணப்பெண்ணுக்கு வைக்கிற சிவப்புப் பொட்டுகளோடு உட்கார்ந்தும் இருந்தாள், கொஞ்ச நேரம். ஆனால் சுற்று வட்டாரத்தில் வேறு பாடகி இல்லை. விருந்தாளிகள் விடவில்லை.

"அத்தை, ஒரே ஒரு பாட்டு" என்றாள் பில்சுன்.

"பொண்ணு பாடினா மாப்பிள்ளை என்னடி பண்ணுவான்?"

மாப்பிள்ளை அதற்குள் மேளத்தை மடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாணத் தொப்பி கண்ணை மறைத்தது. அதைக் கழற்றி அத்தை கையிலேயே கொடுத்துவிட்டு முதல் அடியை அடித்தார். அத்தை தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டாள்.